1500 வாட் மோட்டார் போட்ட சைக்கிளைப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் என்ன கேட்கிறது?

#1 · பூவரசன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்கே படிக்கிறவன், இப்பதான் முதல் இழை தொடங்குறேன்.

என்கிட்ட நல்ல இரும்பு ஃபிரேம் சைக்கிள் ஒண்ணு இருக்கு. அதுல பின் சக்கரத்துக்கு 48 வோல்ட், 1500 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தோட நடுவுலயே உட்கார்ற மோட்டார்) கிட் வாங்கிட்டேன். பெட்டியைப் பிரிச்சாச்சு, இன்னும் மாட்டலை. விளம்பரத்துல "லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம்"னு பெரிய எழுத்துல போட்டிருந்தாங்க. பெட்டிக்குள்ள இருந்த தாள்ல கடைசி வரியில, பொடி எழுத்துல, "பொதுச் சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு இருக்கு. அதைவிட என்னைக் குழப்பினது வேற ஒண்ணு. சின்ன பிளாஸ்டிக் உறையில "250 வாட், 25 கி.மீ."ன்னு அச்சடிச்ச வெள்ளி நிற ஸ்டிக்கர் ஒண்ணைத் தனியா வெச்சு அனுப்பியிருக்காங்க. மோட்டார்ல ஒட்டி வரலை. நானே ஒட்டிக்கணும்போல.

என் வேலை ஒப்பந்த வேலை. ஒரு நாட்டுல ஒன்றரை வருஷம், அடுத்த நாட்டுல ரெண்டு வருஷம்னு போகும். சைக்கிளையும் கூடவே கொண்டுபோறவன். அதனால ஒரே ஒரு நாட்டுச் சட்டத்தைத் தெரிஞ்சுக்கிட்டா எனக்குப் போதாது. இதை மாட்டி ரோட்டுல ஓட்டலாமா? ஓட்டணும்னா என்னென்ன வேணும்? ஏமாத்துற எண்ணம் எனக்கு இல்லை, முறையா செய்யணும்னுதான் கேட்கிறேன்.

#2 · திருகுமறை

தம்பி, மொதல்ல அந்த ஸ்டிக்கரை ஒட்டாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

நான் பதினஞ்சு வருஷமா சைக்கிள், மோட்டார் வேலைதான் பார்க்கிறேன். ஒரு வண்டிக்கு எவ்வளவு சக்தின்னு தெரிஞ்சுக்க மோட்டார் மேல ஒட்டியிருக்கிறதை நம்பக் கூடாது. கன்ட்ரோலரை, அதாவது மோட்டாருக்குப் போற கரண்டைக் கட்டுப்படுத்துற பெட்டியை, கையில எடுத்து, அதோட அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. 48 வோல்ட், 30 ஆம்பியர்னு இருக்கா? பெருக்குங்க, 1440 வாட். பேட்டரி முழு சார்ஜ்ல 54.6 வோல்ட்டுல நிக்கும், அப்போ 1600-ஐத் தாண்டிடும். விபத்துன்னு வந்தா வண்டியைச் சோதிக்கிற நிபுணர் முதல்ல பார்க்கிறதும் இந்த இடத்தைத்தான்.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. சட்டம் 250 வாட்னு சொல்றது தொடர்ந்து தரக்கூடிய சக்தியை. ஏத்தத்துல கொஞ்ச நேரத்துக்கு 500, 600 வாட் இழுக்கிற மோட்டாரும் முறையா 250 வாட்னு சான்று வாங்கியிருக்கும், அதுல தப்பில்லை. இந்திய விதியில "30 நிமிட சக்தி"ன்னே எழுதியிருக்கு. ஐரோப்பாவுல தொடர் மதிப்பு சக்தின்னு சொல்றாங்க. இந்த இடைவெளியைக் காட்டித்தான் சில பேர் 1500 வாட் மோட்டாரையும் 250-ன்னு சொல்லி விக்கிறாங்க. அரை மணி நேரம் விடாம 1500 வாட் கொடுத்தும் சூடு தாங்குற மோட்டாருக்கு அந்த வாதம் நிக்காது.

சட்டப் பக்கம் எனக்கு அரைகுறைதான். அருள்மொழி மேடம் வந்து சொல்லட்டும்.

#3 · அருள்மொழி

பூவரசன், நீங்கள் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் வண்டி பறிமுதல் ஆன பிறகுதான் என்னிடம் வருவார்கள்.

நாடு எதுவானாலும் சட்டம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது சைக்கிளா, மோட்டார் வாகனமா? இரண்டுக்கும் நடுவே "கொஞ்சம் சக்தி கூடின சைக்கிள்" என்று ஒன்று கிடையாது. சைக்கிளுக்கு வகுத்த எல்லையைத் தாண்டிய அந்த நிமிடமே ஒரு மோட்டார் வாகனத்துக்கு வேண்டியவை பெரும்பாலும் உங்கள் தலையில் ஏறும்: பதிவு, நம்பர் பிளேட், ஓட்டுநர் உரிமம், மூன்றாம் நபர் காப்பீடு, ஹெல்மெட், கண்ணாடி, பிரேக் விளக்கு, ஹாரன். எல்லாவற்றுக்கும் முன்பாக, வகை ஒப்புதல், அதாவது அந்த மாடலைச் சோதித்துச் சாலைக்குத் தகுதி என்று தரும் அனுமதி.

எல்லை எங்கே என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறும்.

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(u) என்ற உட்பிரிவைப் பாருங்கள். 30 நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. தகுந்த பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் வேண்டும். பலரும் விட்டுவிடுகிற ஒரு சொல் அங்கேயே இருக்கிறது: இவை யாவும் விதி 126-இல் சொல்லப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்றால் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்றவை அவை. "என் வண்டி 24 கி.மீ.தான் போகும்" என்று நாமே சொல்லிக்கொண்டால் போதாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 168/2013 எண்ணுள்ள ஒழுங்குமுறை. 250 வாட் வரை, மிதித்தால் மட்டும் உதவும், மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நிற்கும், 25 கி.மீ.க்குள் உதவி படிப்படியாகக் குறைந்து அறுந்துவிடும் என்றால் அது சைக்கிள். பிரிட்டனில் 1983-இல் வந்து 2015-இல் திருத்தப்பட்ட விதிகளும் ஏறக்குறைய அதே எண்கள்தான். ஓட்டுகிறவருக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். வண்டியின் மேல் மோட்டாரின் சக்தியோ தயாரித்தவர் பெயரோ ஒன்றும், பேட்டரி வோல்டேஜோ அதிகபட்ச வேகமோ ஒன்றும் தெரியும்படி இருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் எல்லை சற்று விரிந்தது. அங்கிருப்பவர்கள் யாராவது எழுதினால் நல்லது.

உங்கள் 1500 வாட் இதில் எதற்குள்ளும் அடங்காது.

#4 · பூவரசன்

ரொம்ப நன்றி மேடம். கன்ட்ரோலரைப் பார்த்துட்டேன் திருகுமறை அண்ணா, 48 வோல்ட் 32 ஆம்பியர்னு இருக்கு.

ஒரு சந்தேகம். டிஸ்ப்ளேல வேக வரம்பு வைக்கிற வசதி இருக்கு. ரோட்டுல 25-னு வெச்சுட்டு, மண் பாதையில மட்டும் வரம்பை எடுத்துட்டா? ரோட்டுல போகும்போது அது சட்டத்துக்குள்ளதானே இருக்கு?

#5 · அருள்மொழி

இல்லை. அந்தப் பொத்தான் உங்கள் கைக்கு எட்டும் வரை அது சைக்கிள் ஆகாது.

பிரிட்டன் போக்குவரத்துத் துறை இதை விளக்கமாகவே சொல்லியிருக்கிறது: "சாலைக்கு வெளியே" என்ற பெயரில் ஒரு நிலையை மாற்றி வரம்பை மீற முடிகிற வண்டி, சாலையில் மெதுவாகப் போனாலும் மோட்டார் வாகனம்தான். மற்ற நாட்டுச் சட்டங்களும் வண்டியின் திறனை வைத்தே அளக்கின்றன. அந்த நேரத்தில் நீங்கள் எத்தனை வேகத்தில் போனீர்கள் என்பது வேறு குற்றத்துக்கான கேள்வி. கார் 20 கி.மீ.யில் ஊர்ந்தாலும் கார்தானே.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அடுத்து யாராவது கேட்பார்கள். "எங்கள் குடியிருப்பு வளாகத்துக்குள்தான் ஓட்டுகிறேன், அது பொதுச் சாலை இல்லையே?" இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் பொது இடம் என்பதற்கான விளக்கம் அகலமானது. பொதுமக்களுக்கு நுழைய உரிமை இருக்கிற எந்த இடமும் அதில் வரும், அது போக்குவரத்துப் பாதையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சுற்றிலும் வேலி போட்ட, உரிமையாளர் அனுமதித்த தனி நிலத்தில்தான் நிம்மதியாக ஓட்டலாம்.

#6 · நீலவண்டி

நான் ஜெர்மனியில் 45 கி.மீ. வேக பெடல் வண்டி ஓட்டுகிறேன், நான்கு வருடமாக. சட்டப்படி வேகமாகப் போக வழியே இல்லை என்று பூவரசன் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இங்கே இதற்கு எஸ்-பெடலெக் என்று பெயர். ஐரோப்பிய வகைப்பாட்டில் எல்1இ-பி, அதாவது மொபெட். கடையிலிருந்து வரும்போதே வகை ஒப்புதலோடும் இணக்கச் சான்றிதழோடும் வந்தது. ஃபிரேமில் ஒரு தகடு, அதில் வாகன அடையாள எண். ஏஎம் வகை ஓட்டுநர் உரிமம் வேண்டும், கார் உரிமத்திலேயே அது அடங்கிவிடும். பின்னால் காப்பீட்டுப் பிளேட். ஒவ்வொரு மார்ச் 1-ஆம் தேதியும் புதிதாக மாட்ட வேண்டும், நிறமும் மாறும்: கறுப்பு, நீலம், பச்சை என்று சுற்றி வரும். பிப்ரவரிக் கடைசியில் நான் ஸ்க்ரூ டிரைவரோடு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். நிறத்தைப் பார்த்தாலே, காப்பீடு நடப்பு ஆண்டுக்கு உண்டா இல்லையா என்று எதிரே வரும் போலீஸுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். எளிமையான, நல்ல ஏற்பாடு.

விட்டுக்கொடுத்ததும் உண்டு. பொதுவாகச் சைக்கிள் பாதையில் போக முடியாது, கார்களோடு சாலையில்தான். குழந்தைகளை வைத்து இழுக்கும் டிரெய்லர் மாட்டக் கூடாது. ஒப்புதல் பெற்ற பாகத்தைக் கழற்றிவிட்டு இஷ்டத்துக்கு வேறொன்று போட முடியாது. விளக்கு, ஹேண்டில்பார் எல்லாம் அதில் அடங்கும்.

நெதர்லாந்தில் 2017 ஜனவரி முதல் இந்த வண்டிகளுக்கு மஞ்சள் பிளேட், ஹெல்மெட் கட்டாயம். அந்த ஹெல்மெட்டுக்கென்று என்.டி.ஏ. 8776 என்ற தரமே வகுத்திருக்கிறார்கள், சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டைவிட அதிக வேக அடிக்குச் சோதிக்கப்படுவது. சுவிட்சர்லாந்தில் மெதுவான வகைக்கே 500 வாட் வரை, 45 கி.மீ. வகைக்கு 1000 வாட் வரை இடம் உண்டு.

#7 · மலைப்பாதை

எல்லாரும் 250 வாட்டை வேதவாக்கு மாதிரி பேசுறீங்க. நான் மாத்துக் கருத்து சொல்றேன், கோபப்படாதீங்க.

நான் இருக்கிறது மலைச் சரிவு. தினம் ரெண்டு பிள்ளைகளையும் மூட்டையையும் வெச்சுக்கிட்டு ஏறணும். எல்லாம் சேர்த்து 150 கிலோ. 250 வாட் மோட்டார் பாதி ஏத்தத்துல திணறி, சூடாகி, விட்டுடும். அப்புறம் பின்னால வர்ற லாரிக்கு முன்னால, பிள்ளைகளோட இறங்கித் தள்ளணும். இது பாதுகாப்பா? வேகத்துக்கு வரம்பு வைங்க, ஒத்துக்கிறேன். சக்திக்கு ஏன் வரம்பு? மலையில இருக்கிறவனை, சுமை ஏத்துறவனை, முட்டி வலிக்காரனை இந்தச் சட்டம் எழுதினவங்க நினைச்சே பார்க்கலை.

#8 · திருகுமறை

மலைப்பாதை சார், உங்க கஷ்டம் நிஜம். கணக்கும் உங்க பக்கம்தான் பேசுது.

நூத்துக்குப் பத்து ஏத்தம், மொத்த எடை 150 கிலோ, மணிக்கு 10 கி.மீ.ன்னு வெச்சுக்குவோம். புவியீர்ப்பை ஜெயிக்க மட்டும் 400 வாட்டுக்கு மேல வேணும். உங்க கால் 100 வாட் கொடுத்தாலும் மோட்டார் 300-ஐத் தரணும். தனி ஆளா 100 கிலோவோட ஏறினா மொத்தமே 270 வாட் சுமார், அப்போ 250 வாட் தாராளம். அதாவது சட்டத்தோட எண்ணு தனி ஆளுக்குச் சரியா வருது, சுமைக்காரருக்கு இடிக்குது.

ஆனா ரெண்டு விஷயம். நீங்க சொல்ற சூடு ஹப் மோட்டாருக்கு வர்ற வியாதி. சக்கரம் மெதுவா சுத்தும்போது அதுக்கு மூச்சு முட்டும், கரண்ட் எல்லாம் வெப்பமாப் போகும். பெடல் அச்சுல உட்கார்ற மிட் டிரைவ் மோட்டாருக்குப் பல் சக்கரத்தோட கியர் கிடைக்குது. அதே 250 வாட் சான்று, நின்ன இடத்துலேர்ந்து இழுக்கும். ரெண்டாவது, நீங்க கேட்கிற வகை ஐரோப்பாவுல ஏற்கெனவே இருக்கு: எல்1இ-ஏ. 1000 வாட் வரை, ஆனா மோட்டார் உதவி 25 கி.மீ.ல நின்னுடணும். சுமை வண்டிக்குப் பொருத்தமான வகை. என்ன, அதுக்கு வகை ஒப்புதல் வாங்கியாகணும்.

வேகத்தைப் பத்தி ஒண்ணு சொல்லாம விட முடியலை. 25 கி.மீ.ல போறப்ப ஒரு வினாடிக்கு 7 மீட்டர் ஓடுது வண்டி. பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி எடுத்துக்கிட்டா, ஓரளவு நல்ல பிரேக்குன்னா மொத்தம் சுமார் 12 மீட்டர்ல நிக்கும். 45-ல அதே ஆள், அதே பிரேக், 28 மீட்டர். மோதுறப்ப இருக்கிற ஆற்றல் மூணு மடங்குக்கும் மேல. பூவரசன் வெச்சிருக்கிற சைக்கிள்ல ரப்பர் கட்டை வெச்ச ரிம் பிரேக்தானே? நனைஞ்ச நாள்ல 28-ம் போதாது.

இன்னொரு இடம். ஹப் மோட்டாரோட அச்சு முனை ரெண்டு பக்கமும் தட்டையா சீவி, 10 மி.மீ. அகலத்துல இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கிறது ஃபிரேமோட டிராப்அவுட், அதாவது சக்கர அச்சு உட்கார்ற பிளவு, மட்டும்தான். 1500 வாட் முறுக்குற முறுக்குல டிராப்அவுட் வாய் விரிஞ்சு, அச்சு உள்ளயே சுத்தி, மோட்டார் ஒயரை அறுத்துப்போட்டதை நான் மேசை மேல வெச்சுப் பார்த்திருக்கேன். அறுந்த மூணு ஒயரும் ஒண்ணோட ஒண்ணு உரசினதுல சக்கரம் இறுகிப் போயிருந்தது. ஓட்டினவர் பிழைச்சார். வகை ஒப்புதல்னு சட்டம் கேட்கிறது வெறும் காகிதத்துக்காக இல்லை. ஃபிரேம், ஃபோர்க், பிரேக் எல்லாத்தையும் அந்த வேகத்துக்கு யாராவது சோதிச்சாங்களான்னு கேட்குது.

#9 · வெண்மணி

அமெரிக்கா பற்றி நான் சொல்கிறேன். 2002-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தில் 750 வாட்டுக்குக் குறைவாக, மிதிக்கக்கூடிய பெடலோடு, மோட்டாரால் மட்டும் 20 மைல், அதாவது 32 கி.மீ.க்குக் குறைவாகப் போனால் அது சைக்கிள். ஆனால் அந்தச் சட்டம் பொருள் தயாரிப்புக்கானது. சாலையில் ஓட்டுவதை ஒவ்வொரு மாநிலமும் தனியாகத் தீர்மானிக்கும். பல மாநிலங்கள் மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கின்றன. முதல் வகுப்பு மிதித்தால் மட்டும், 32 கி.மீ. வரை. இரண்டாவதில் த்ராட்டிலும் (மிதிக்காமலே ஓட்டக் கையால் இயக்கும் முடுக்கி) உண்டு, அதே வேகம். மூன்றாவது மிதித்தால் மட்டும், 28 மைல் அதாவது 45 கி.மீ. வரை.

இங்கே பலர் மாட்டிக்கொள்வது எங்கே தெரியுமா? "சரி, மோட்டார் சைக்கிளாகவே பதிவு செய்துவிடுகிறேன்" என்று போகிறார்கள். அலுவலகத்தில் 17 இலக்க வாகன எண்ணும், கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரத்துக்குத் தயாரிப்பாளர் கொடுத்த சான்றும் கேட்பார்கள். சாலைக்கு வெளியே ஓட்ட என்று விற்ற வண்டிக்கு அந்தச் சான்று இருக்காது. காசு கட்டத் தயாராக நின்றாலும் பதிவு கிடைக்காது.

கனடாவின் ஒன்டாரியோவில் 500 வாட், 32 கி.மீ., மொத்த எடை 120 கிலோ, வயது 16, ஹெல்மெட். என் தங்கை அங்கே ஓட்டுகிறாள்.

#10 · தென்றல்72

சிங்கப்பூருக்கு மாற்றல் வந்தால் பூவரசன் அந்தக் கிட்டை எடுத்துக்கொண்டு விமானம் ஏறவே வேண்டாம். இங்கே 250 வாட், 25 கி.மீ., எடை 20 கிலோவுக்குள், த்ராட்டில் அறவே கூடாது. ஒப்புதலைக் காட்டும் ஆரஞ்சு முத்திரை, பதிவு எண் பிளேட், 16 வயது, சாலையில் ஹெல்மெட். 2022 ஜனவரி முதல் கோட்பாட்டுத் தேர்வும் எழுதித் தேற வேண்டும். நானும் எழுதினேன். மாற்றியமைத்த வண்டியைப் பிடித்தால் பறிமுதல்.

#11 · இனியாவின் அம்மா

வணக்கம். எனக்கு வண்டி விஷயம் அதிகம் தெரியாது. என் மகனுக்கு 15 வயது. அவனுடைய நண்பன் ஒருவன் பெடலே இல்லாத, பார்க்க மோட்டோகிராஸ் மாதிரி இருக்கிற மின் வண்டியில் பள்ளிக்கு வருகிறான். "அது சைக்கிள்தான்மா, லைசென்ஸ் வேண்டாம்" என்று இவனும் கேட்கிறான். மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சு. நான் மறுத்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறான். என்ன சொல்வது?

#12 · அருள்மொழி

அம்மா, உங்கள் மறுப்பு சரி. பையனிடம் எரிச்சல் இல்லாமல் இதைக் காட்டுங்கள்.

அந்த வண்டியில் மிதிக்கும் பெடல் இல்லை என்கிறீர்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்த ஒரு குறையே போதும், அது சைக்கிள் ஆகாது. வேகமும் சக்தியும் அதற்கு மேல். எனவே 15 வயதில் அதை ஓட்டுகிறவன் உரிமம் இல்லாமல், பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டுகிறான். மூன்று தனித்தனிக் குற்றங்கள்.

இந்தியாவில் 2019 திருத்தத்தில் 199ஏ பிரிவு வந்தது. சிறார் மோட்டார் வாகனக் குற்றம் செய்தால் பெற்றோரோ வாகன உரிமையாளரோ குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, வாகனப் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. இதைத்தான் பையனிடம் சொல்லுங்கள்: பதினைந்து வயதில் கிடைக்கும் ஒரு வருட ஓட்டத்துக்கு, 18 முதல் 25 வரை ஏழு வருடத்தைக் கொடுக்க வேண்டி வரலாம். பிரிட்டனிலும் இப்படி ஒன்று உண்டு. காப்பீடில்லாமல் ஓட்டினால் ஆறு தண்டப் புள்ளி, உரிமம் வாங்கி இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் கார் உரிமமே போய்விடும். மின்சைக்கிளில் வாங்கிய புள்ளி கார் உரிமத்தில் ஏறும் என்று பலருக்கும் தெரிவதில்லை.

அவனுக்கு ஓட்ட ஆசை இருக்கிறது என்றால், மிதித்தால் உதவும் 250 வாட் வண்டியை, சட்டம் அனுமதிக்கும் வயதில், சோதனைச் சான்றோடு வாங்கிக் கொடுங்கள். ஆசையே தப்பு என்று ஆக்கிவிடாதீர்கள்.

#13 · கதிரேசன்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். பூவரசன் இன்னும் மாட்டவில்லை என்று சொன்னதால் எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் 52 வோல்ட், 1000 வாட் கிட் ஒன்றை நானே மாட்டினேன். தினமும் வேலைக்குப் போக. ஒரு மாலை, மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் ஒரு பெரியவர் இறங்கினார். நான் பார்த்தேன். பிரேக்கையும் பிடித்தேன். மீட்டரில் 41 என்று இருந்தது, அந்த எண் இன்றும் கண்ணில் நிற்கிறது. அவர் கையில் இருந்த துணிப்பையில் என் ஹேண்டில் மாட்டி, இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்கைச் சிராய்ப்பு. அவருக்குக் காறை எலும்பும் இடுப்பும் முறிந்தன.

என் வீட்டுக் காப்பீட்டில் மூன்றாம் நபருக்கு நேரும் காயத்துக்கு ஈடு உண்டு. சைக்கிள் விபத்தும் அதில் அடங்கும் என்று பாலிசியிலேயே இருந்தது. விண்ணப்பித்தேன். வண்டியைக் கொண்டுபோய், பின் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, பேட்டரி ஒயரில் மீட்டரைக் கவ்வவிட்டு அளந்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. விஷயம் ஒரே வரி: விபத்துக்கு உள்ளானது சைக்கிள் அல்ல, மோட்டார் வாகனம், அதனால் இந்தப் பாலிசி பொருந்தாது. மோட்டார் காப்பீடு என்னிடம் இல்லை. பதிவே இல்லாத வண்டிக்கு எப்படி இருக்கும்?

அவருடைய மருத்துவச் செலவையும் ஈட்டுத் தொகையையும் மாதத் தவணையாகக் கட்டி வருகிறேன். இன்னும் பதினோரு தவணை இருக்கிறது. நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. அவர் தினமும் காலையில் பேத்தியைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறவர். இடுப்பு முறிந்த பிறகு அது நின்றுவிட்டது. இதை அவர் மகள் என்னிடம் சொன்னபோது திட்டக்கூட இல்லை, சும்மா சொன்னார்.

காப்பீடு என்பதை நான் "பிடிபட்டால் காட்ட ஒரு தாள்" என்று நினைத்திருந்தேன்.

#14 · நெறியாளர்

கதிரேசன், மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. இந்த இழையில் எந்த நிறுவனத்தின் பெயரையும் இழுக்காமல் தொடருங்கள், நண்பர்களே. வரம்பை நீக்கும் முறைகளைக் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன்.

#15 · அருள்மொழி

கதிரேசன், உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நீங்கள் தொட்டதுதான் இதில் ஆக முக்கியமான இடம், அதனால் அதை மட்டும் விரிக்கிறேன்.

காப்பீட்டுச் சட்டமும் "சொந்த விசையில் ஓடுமா?" என்றே கேட்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2023 அக்டோபரில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், மிதித்தால் மட்டும் உதவும் மின்சைக்கிள் மோட்டார் காப்பீட்டு வழிகாட்டுதலில் சொன்ன "வாகனம்" அல்ல என்று தீர்ப்பளித்தது. அந்த வண்டி இயந்திர சக்தியால் மட்டுமே ஓடக்கூடியதல்ல என்பதுதான் காரணம். மிதிக்கிற சைக்கிள்காரருக்கு அது பாதுகாப்பு. ஆனால் அதையே திருப்பிப் பாருங்கள். த்ராட்டிலைத் திருகினால் மிதிக்காமலே ஓடும், 25 கி.மீ.யைத் தாண்டும் என்றால், திருத்தப்பட்ட வழிகாட்டுதலின்படி அது காப்பீடு கட்டாயமான வாகனம்.

இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீட்டை 146-ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. ஆனால் பதிவில்லாத, ஒப்புதல் இல்லாத, கையால் மாற்றிய வண்டிக்குப் பாலிசி எப்படிக் கிடைக்கும்? ஒன்று இல்லாததால் அடுத்தது கிடைக்காது, அது இல்லாததால் அதற்கடுத்தது. கிட் விற்கிறவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். "பதிவு தேவையில்லை" என்பதற்கு உண்மையான பொருள் பல நேரங்களில் "பதிவு செய்யவே முடியாது" என்பதே.

பூவரசனுக்கு: தனி ஆள் கட்டிய வண்டிக்கு ஒப்புதல் தரும் ஏற்பாடு சில நாடுகளில் உண்டு. பிரிட்டனில் தனி வாகன ஒப்புதல் சோதனை இருக்கிறது, ஜெர்மனியிலும் தனிப் பரிசோதனை இருக்கிறது. விளக்கு, பிரேக், கண்ணாடி, மின் இணைப்பு எல்லாம் அந்த வகைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும். இந்தியாவில் ஒப்புதல் என்பது தயாரிப்பாளர் ஒரு மாடலுக்கு வாங்குவது. நீங்கள் நாடு மாறிக்கொண்டே இருப்பவர், ஒரு நாட்டில் வாங்கிய தனி ஒப்புதல் அடுத்த நாட்டில் செல்லும் என்று எண்ணிவிட வேண்டாம்.

#16 · மலைப்பாதை

கதிரேசன் அண்ணா எழுதினதைப் படிச்சேன். சக்தி வரம்பு பத்தி என் கருத்து மாறலை, சுமை வண்டிக்கு எல்லா நாட்டுலயும் ஒரு வகை வேணும்னு இப்பவும் சொல்வேன். அது கேட்டு வாங்க வேண்டியது. அதுவரைக்கும் நான் ஓட்டுற வண்டி எந்த வகையில வருதுன்னு எனக்கே தெரியாம பிள்ளைகளைப் பின்னால உட்கார வெச்சிருந்திருக்கேன். அருள்மொழி மேடம், உங்களுக்குத் தனியா ஒரு மடல் அனுப்புறேன்.

#17 · பூவரசன்

எல்லாருக்கும் பதில் போடணும்னு நினைச்சேன், கதிரேசன் அண்ணா பதிவுக்கு அப்புறம் எழுத ஓடலை.

முடிவு பண்ணிட்டேன். மோட்டாரையும் கன்ட்ரோலரையும் திருப்பி எடுத்துக்கிறதா விற்பனையாளர் ஒத்துக்கிட்டார். அந்த 250 வாட் ஸ்டிக்கரை மட்டும் திருப்பி அனுப்பலை, கத்தரியால வெட்டிப் போட்டுட்டேன். என் சைக்கிள் அப்படியே காலால மிதிக்கிற சைக்கிளாவே இருக்கும். வேகமா போக வேண்டியிருந்தா நீலவண்டி மாதிரி, அந்தந்த நாட்டுல ஒப்புதலோட வர்றதை, பிளேட்டும் காப்பீடும் சேர்த்து எடுத்துக்கிறேன்.

பேட்டரியை மட்டும் அவங்க வாங்க மாட்டேங்கிறாங்க, லித்தியம் பேட்டரியைத் தபால்ல அனுப்ப முடியாதாம். 48 வோல்ட், 13 செல் வரிசை. இப்ப முழு சார்ஜ்ல கட்டிலுக்கு அடியில இருக்கு. என்ன பண்றது திருகுமறை அண்ணா?

#18 · திருகுமறை

கட்டிலுக்கு அடியிலேர்ந்து இன்னைக்கே எடுங்க தம்பி, அதுதான் முதல் வேலை. வாசல் கதவுப் பக்கமும் வேண்டாம், ஏதாவது ஆச்சுன்னா வெளிய ஓட அந்த வழிதான் வேணும். எரியக்கூடிய பொருள் பக்கத்துல இல்லாத, வெயில் படாத, சிமெண்ட் தரையில வைங்க. முழு சார்ஜ்ல மாசக்கணக்கா வைக்கக் கூடாது. 47, 48 வோல்ட்டுக்கு இறக்கி நிறுத்துங்க. மாசம் ஒரு தடவை மீட்டர் வெச்சுப் பார்த்து எழுதி வைங்க. உறை எங்கயாவது உப்பினா, வாசனை வந்தா, சார்ஜரைக் கிட்டவே கொண்டுபோகாதீங்க, பேட்டரி மறுசுழற்சி எடுக்கிற இடத்துல கொடுத்துடுங்க.

பேட்டரியோட பக்கவாட்டுல ஒரு லேபிள் இருக்கும். அதைப் படம் எடுத்து இங்கே போடுங்க, செல் என்ன ரகம்னு பார்த்துச் சொல்றேன்.